மேல் தட்டு, முன் சீட்

கொழும்பு வெள்ளவத்தைக்குப் புதிதாக வந்த யாராவது இரத்தினம்மாவிடம் வழி கேட்டுவிட்டால், அவர்கள் வீடு போய்ச் சேர்வது கடவுள் விட்ட வழிதான். சர்பத் கடையடியில் திரும்பி, பொம்மைக் கடையைத் தாண்டி, செருப்புத் தைக்கிறவரின் மரத்தடிக்கு வாருங்கள் என்று மிகவும் அன்பாகச் சொல்லி அனுப்புவார். சர்பத் கடை இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுக்கும் கொமியூனிகேஷன். பொம்மைக் கடை எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தோடு போய்விட்டது. மரத்தை வீதி அகலிக்க வந்தவர்கள் தறித்துக்கொண்டு போனார்கள். ஆனால் காலி ஊருக்குப் போகும் அந்தக் காலி வீதியில் இரத்தினம்மாவுக்கு எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. கசகசா மிதக்கும் சிவப்புச் சர்பத்தை ஹமீட் நானா இன்னும் உயரத்திலிருந்து கிளாசுக்குள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

இரட்டைத் தட்டு பஸ் மட்டும் அப்படி இல்லை. அது போய்விட்டது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் நித்திரை குறைந்திருந்தது.

மகன் யோகநாதனுக்கு ஐந்து வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. பிள்ளை பாயில் கிடந்து பிதற்றும்போது கேட்டது மருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை. டபுள் டெக்கரில் மேலே முன் சீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டான். அந்தக் காலத்தில் காலி வீதியில் அந்தச் சிவப்பு பஸ் ஒரு பக்கம் சரிந்தபடி வரும். மேல் தட்டின் முன் சீட்டில் இருந்தால் சாரதி இல்லாமல் நாமே ஓட்டுகிற மாதிரி இருக்கும். மரக்கொப்பு கண்ணாடியில் அடிக்கும்போது பிள்ளைகள் குனிந்துகொள்ளும். இரத்தினம்மா ஈரத் துணியைப் பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டு, தான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து கும்பிட்ட கொட்டாஞ்சேனை அம்மனை நினைத்தார். பிள்ளை எழும்பினால் அவனை இரட்டைத் தட்டு பஸ்ஸில், மேல் தட்டில், முன் சீட்டில் இருத்தி, மடியில் மாவிளக்கு வைத்து, ஓடுகிற பஸ்ஸில் உன்னிடம் கொண்டு வருகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டார்.

பிள்ளை எழும்பினான். நேர்த்திதான் எழும்பவில்லை.

அதற்கு இரத்தினம்மாவைக் குறை சொல்ல முடியாது. மாவிளக்குக்கு அரிசி ஊறப்போடுகிற வாரமாகப் பார்த்து ஊரிலிருந்து தந்தி வரும். இவர் ஒரு நாளும் கண்டிராத ஒரு பெரியப்பா மோசம் போய்க் கண்ணை மூடியிருப்பார். துடக்கு. கோவில் வாசல் மிதிக்க முடியாத அந்தத் துடக்குக் கழியும்போது ஒரு மாமி. மாமியின் ஆட்டைத் திவசம் முடிகிற நேரத்தில் யோகனின் தகப்பனே போய்விட்டார். பிறகு எண்பத்து மூன்று வந்தது. அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம், திரும்பவும் கொழும்பு. எல்லாம் ஓய்ந்து ஒரு வெள்ளிக்கிழமை மாவிளக்குத் தட்டோடு பஸ் ஹோல்டில் வந்து நின்றபோது, வருகிற பஸ் எல்லாம் ஒற்றைத் தட்டாகவே வந்தது. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, மாவை இலையான் மொய்க்க, வீட்டுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் யோகனின் தலைவிதி. வளர்ந்து மீசை வைத்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு பாமசியில் மருந்து விற்கிற வேலைக்குச் சேர்ந்த பிள்ளை அவன். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவன். ஆனால் சென்றிப் பொயின்ற்றில் பஸ்ஸை மறித்தால், பஸ் நிறைய ஆட்கள் இருக்க, ஆமிக்காரனின் விரல் நேரே இவனிடம்தான் வரும். சுற்றிவளைப்பு என்றால் முதலில் இவன். இவன் அடையாள அட்டை காட்டுவான், பொலிஸ் பதிவு காட்டுவான், பாமசிக் கடிதம் காட்டுவான். எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இவனையே ஜீப்பில் ஏற்றுவார்கள். வீட்டில் அவனுக்கென்று ஒரு பை தயாராக இருந்தது. பல் துலக்கும் பிரஷ், உடுக்க ஒரு சாரம், ஒரு சவர்க்காரத் துண்டு. பக்கத்து பொலிஸ் ஸ்டேசனில் உள்ளே இருப்பவர்கள் இவனைக் கண்டால், வந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே நகர்ந்து இடம் கொடுக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. காலையில் இரத்தினம்மா போய் நின்று, கையெழுத்து வைத்து, மகனைக் கூட்டிக்கொண்டு வருவார்.

வருகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைவுதான். இந்த முறை விட்டுவிட்டார்கள். ஒரு நாள் விடாமல் போனால்? விடாமல் போன பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் அதே ஒழுங்கையில் இருந்தார்கள். இரத்தினம்மாவுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. அம்மாளாச்சி பார்க்காமல் இருக்கிறா. கொடுத்த வாக்கு தீராமல் நிற்கிறது.

கோவில் ஐயரிடம் போய் மெல்லமாகக் கேட்டார். நேர்ந்த பொருள் கிடைக்காவிட்டால் வெள்ளியில் செய்து உண்டியலில் போடலாம் என்று ஐயர் வழி சொன்னார். செட்டியார் தெருவில் ஒரு பத்தரிடம் போனார். கண் இருக்கிறது, கால் இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, தேள் கூட இருக்கிறது. பஸ்ஸுக்கு அச்சு இல்லை என்றார் பத்தர். மனமிரங்கி ஒன்று செய்தும் காட்டினார். அது சாடின் மீன் டின்னின் மேல் இன்னொரு சாடின் டின் வைத்த மாதிரி இருந்தது. இரத்தினம்மா அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நான் வெள்ளி பஸ் என்று சொல்லவில்லை, பஸ் என்றுதான் சொன்னேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்டவ தெய்வம். அவவுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்படித்தான் அவர் தேடப் புறப்பட்டார். எங்காவது ஒரு மூலையில் ஒரு டபுள் டெக்கர் மிஞ்சியிருக்காதா? நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அவர் எண்ணம். அதனால் மகனிடமும் சொல்லவில்லை, அயலிலும் சொல்லவில்லை. வீட்டில் அரைத்த கடலைமாவைக் கடைகளுக்குக் கொடுக்கப் போகிற சாட்டில், பஸ் நிற்கிற இடமெல்லாம் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தட்டு தெக்கே பஸ் எக்க கோ, இரட்டைத் தட்டு பஸ் எங்கே என்று விசாரித்தார். எங்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், காவல் இருக்கிறதா, கிட்டப் போய்ப் பார்க்க விடுவார்களா என்றும் விவரமாகக் கேட்டார்.

பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துப் பொட்டு வைத்த ஒரு மனுசி, கையில் ஒரு கனத்த பையோடு, பஸ் நிறுத்துகிற இடத்துக்குக் காவல் உண்டா என்று கேட்டால் என்ன நடக்கும் என்பது இரத்தினம்மாவைத் தவிர வேறு எல்லோருக்கும் விளங்கும். மூன்றாவது இடத்தில், பஸ் நேரம் குறிக்கிற ரைம் கீப்பர் அவரை மரியாதையாக ஒரு வாங்கில் இருத்தி, தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து, டெலிபோன் எடுத்தார். நல்ல மனுசன் என்று இரத்தினம்மா நினைத்தார். ஜீப் வந்தது.

பாமசியில் செய்தி கிடைத்தபோது யோகன் முதலில் தன் பையைத்தான் தேடினான். பிறகுதான் பிடிபட்டது தான் இல்லை என்பது விளங்கியது. சர்பத் கடை போன பிறகும் அயலிலேயே இருந்த, சிங்களம் நன்றாகக் கதைக்கிற ஹமீட் நானாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினான். அங்கே இருந்த கொன்ஸ்டபிள் இவனைக் கண்டதும் வழக்கம்போல உள்ளே போகும்படி கையைக் காட்டினான். இன்றைக்கு நான் வெளியே நிற்கிற ஆள் என்று விளங்கப்படுத்துவதற்குள் யோகனுக்கு வியர்த்துவிட்டது.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் சார்ஜன் ஜினதாச இருந்தார். தொப்பை வைத்த, தலை நரைத்த மனிதர். தமிழ் கொஞ்சம் கதைப்பார். மேசைமேல் கடலைமாப் பையைக் கொட்டி, ஒரு கொன்ஸ்டபிள் பென்சிலால் கிண்டிக்கொண்டிருந்தான். இரத்தினம்மா அவனிடம், மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாதே, தும்மல் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களை என்னத்துக்குப் பிடிச்சவங்கள்?" என்றான் யோகன்.

"நீ சும்மா இரு. எல்லாம் உன்னாலைதான்."

சார்ஜனுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. மகனுக்காகத்தான் பஸ்களை வேவு பார்த்தாயா என்று கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யோகனின் முகம் வெளிறிவிட்டது. இரத்தினம்மா மகனைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். இனி நேர்த்தியை மறைத்தால் பிள்ளையை இழக்க வேண்டிவரும். கதிர்காமத்துக்குப் போகிற சிங்களச் சனங்களிடம் கேட்டு வைத்திருந்த ஒரு சொல் அவருக்கு ஞாபகம் வந்தது. நேர்த்திக்கு அவர்கள் சொல்லும் சொல்.

"பாரயக் தியெனவா, மஹத்தயா," என்றார். ஒரு நேர்த்தி இருக்கிறது, ஐயா.

சார்ஜன் கையிலிருந்த பேனையை வைத்தார். கொன்ஸ்டபிள் மாவைக் கிண்டுவதை நிறுத்தினான்.

"எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார் சார்ஜன். குரல் வேறு மாதிரி இருந்தது.

இரத்தினம்மா எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், மேல் தட்டு, முன் சீட், மாவிளக்கு, செத்துப்போன பெரியப்பா, பத்தர் செய்த சாடின் டின். ஹமீட் நானா ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, சார்ஜன் தலையைத் தடவிக்கொண்டார். இருபது வருடமா என்று கேட்டார். இருபது வருடம் பாரம் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, அது பிள்ளைக்குக் கூடாது என்று கொன்ஸ்டபிளிடம் சொன்னார். கொன்ஸ்டபிளும் அதை ஒத்துக்கொண்டான். தன் மாமி ஒருத்திக்கு அப்படி இருந்துதான் கால் முறிந்தது என்றான்.

இதற்கிடையில் ஹமீட் நானா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இரத்தினம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி நீங்க. என்கிட்ட ஒரு பேச்சு கேட்டா என்ன? கொட்டாஞ்சேனைல ராசிக்ட போத்தல் யாட்டுல ஒரு டபுள் டெக்கர் ஈக்குது. கோழி வளக்கிறான்."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பொலிஸ் ஜீப் ஒன்று ராசிக்கின் யாட்டுக்கு முன்னால் வந்து நின்றது. துறைமுகத்துக்குக் கிட்டிய இடம். தமிழ்ப் பொடியன் ஒருவன் அங்கே உயரத்தில் ஏறி நின்றால் கேட்டுக் கேள்வி இல்லாமல் சுடுவார்கள் என்பதால் தானே வருகிறேன் என்று சார்ஜன் சொல்லியிருந்தார். பழைய போத்தலும் பேப்பரும் வாங்கி விற்கிற ராசிக்குக்கு இது ஒன்றும் தெரியாது. ஜீப்பைக் கண்டதும் ஓடிவந்து, இந்தக் கோழி எல்லாம் என்னுடைய சொந்தக் கோழி என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டார்.

பஸ் ஒரு மதிலோரம் நின்றது. சிவப்பு நிறம் உரிந்து, பல இடங்களில் தகரம் தெரிந்தது. எஞ்சினை யாரோ எப்போதோ விற்றுவிட்டார்கள். கீழ்த் தட்டில் கோழிகள் சீட் சீட்டாக அமர்ந்திருந்தன. ஆனால் மேல் தட்டின் முன் சீட் அப்படியே இருந்தது. ராசிக் பின்னேரங்களில் அங்கே இருந்துதான் தேத்தண்ணீர் குடிப்பாராம். இரத்தினம்மா பஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பஸ்ஸின் சக்கரச் சில்லுகளைப் பார்த்தார். முகம் மாறியது.

ஓடுகிற பஸ்ஸில் என்றுதான் நேர்ந்தது. நிற்கிற பஸ்ஸில் இருத்துவதாகச் சொல்லவில்லை.

யோகன் மாவிளக்குத் தட்டோடு நின்றான். வெட்கத்தில் அவன் காது சிவந்திருந்தது. "அம்மா, எஞ்சின் இல்லாத பஸ் எப்பிடி ஓடும்? விடுங்கோவன்," என்றான். விடுவதென்றால் இருபது வருடத்துக்கு முன்பே விட்டிருப்பேன் என்றார் இரத்தினம்மா.

சார்ஜன் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நிலம் வாசல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்ததைக் காலால் பார்த்தார்.

"அம்மா, எவ்வளவு தூரம் ஓடணும் எண்டு சாமிக்குச் சொன்னதா?"

இரத்தினம்மா யோசித்தார். மிகவும் நேர்மையாக யோசித்தார்.

"தூரம் சொல்லேல்லை."

"அப்ப சரி," என்று சார்ஜன் தொப்பியைக் கழற்றினார்.

கொன்ஸ்டபிள்மார் துவக்குகளைக் கோழிக்கூட்டில் சாத்திவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்கள். ராசிக்கின் போத்தல் கழுவுகிற ஆட்கள் வந்தார்கள். ஹமீட் நானா வயதை மறந்து தோளைக் கொடுத்தார். யோகன் மேலே ஏறி முன் சீட்டில் இருந்தான். அந்தக் காலத்துப் பிள்ளைக்குச் செய்த சீட்டில் இந்தக் காலத்து முழங்கால் அடங்கவில்லை. மாவிளக்கை மடியில் வைத்து, திரியைக் கொளுத்தினார் இரத்தினம்மா. அவரும் பக்கத்தில் இருந்துகொண்டார். கீழே இருந்து சார்ஜன், அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டார். நேர்ந்தபோது அரை டிக்கெட்தான் என்றார் இரத்தினம்மா. சார்ஜன் மணிக் கயிற்றை இழுத்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மணி டிங் என்றது.

முதலில் தள்ளியபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை பஸ் முனகியது. மூன்றாவது முறை, மண்ணில் புதைந்திருந்த சில்லுகள் விடுபட்டு, பஸ் நகர்ந்தது. நகர்ந்தது மட்டுமல்ல, தள்ளியவர்களை விட்டுவிட்டுத் தானாகவே புறப்பட்டது. பிரேக் என்று ஒன்று இருக்கவேண்டும் என்பதை அதுவரை ஒருவரும் நினைக்கவில்லை. கோழிகள் யன்னல் வழியாகப் பறந்தன. ராசிக், என் பஸ், என் பஸ் என்று பின்னால் ஓடினார். சார்ஜன் ஒரு கையில் தொப்பியும் மறு கையில் மணிக் கயிறுமாகத் தொங்கிக்கொண்டு வந்தார். ஒரு மரக்கொப்பு முன் கண்ணாடியில் அடித்தது. பெரிய மீசைக்காரன் யோகநாதன் குனிந்துகொண்டான்.

வாசலடிப் பப்பாசி மரத்தில் பஸ் மெதுவாக முட்டி நின்றது. ஒரு பப்பாசிப் பழம் கூரையில் விழுந்து உருண்டது. யோகன் தலையை நிமிர்த்தினான். வீட்டுக் கூரைகளுக்கும் கம்பிகளுக்கும் மேலாக ஏதோ நிறம் தெரிந்தது.

"அம்மா, கோபுரம் தெரியுது," என்றான். அந்தக் குரலை இரத்தினம்மா நன்றாக அறிவார். அது ஐந்து வயதுக் குரல். மாவிளக்கு அணையாமல் எரிந்தது. இரத்தினம்மா கோபுரத்தைப் பார்த்து, வந்துவிட்டோம் தாயே என்று கைகூப்பினார். கண்ணீரில் கோபுரம் இரட்டைத் தட்டாகத் தெரிந்தது.

பிறகு கோவிலுக்கு நடந்துபோய் மாவிளக்கை வைத்தார்கள். ஐயர், யாட் முதலாளி, பொலிஸ், போத்தல் கழுவுகிறவர்கள் எல்லோருக்கும் மா உருண்டை கிடைத்தது. இனிமேல் பயமில்லை என்ற சந்தோசத்தோடு தாயும் மகனும் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார்கள்.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். ஆமிக்காரன் ஏறினான். விரல் நீண்டு, பஸ் நிறைய இருந்த ஆட்களைக் கடந்து, நேரே யோகனிடம் வந்து நின்றது.

அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். ஆனால் இரத்தினம்மா உடைந்துபோனார். அவர் கோபக்காரி இல்லை. விளக்கு ஏற்றுவதையும் நிறுத்தவில்லை, பூ வைப்பதையும் நிறுத்தவில்லை. அம்மாளாச்சியோடு கதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். படத்துக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கற்பூரம் காட்டினார். நான் என் பக்கத்தைச் செய்துவிட்டேன் என்று சுவருக்குச் சொன்னார்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கைக்குள் ஜீப் வந்தது. அயல் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. யோகன் சட்டையைப் போட்டான், பையை எடுத்தான், செருப்பைக் கொழுவினான். இரத்தினம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் சார்ஜன் ஜினதாச. சீருடை இல்லை. வெள்ளைச் சட்டையும் சாரமும். மகனைத் தேடி வரவில்லை, அம்மாவிடம்தான் வந்தேன் என்றார். உள்ளே வந்து கதிரையில் இருந்தார். சுவரில் இருந்த அம்மன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு பாரம் இருக்கு, அம்மா," என்றார் கடைசியில்.

இளம் கொன்ஸ்டபிளாக வெள்ளவத்தையில் வேல் விழாவுக்குக் காவல் நின்ற காலம். மனைவிக்கு முதல் பிள்ளை, வயிற்றில் ஏதோ கோளாறு என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அப்போது பொம்மைக் கடைக்குப் பக்கத்து மிட்டாய்க் கடையில் லட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் இந்தக் கடை லட்டு ஒரு தட்டுக் கதிர்காமத்துக்குக் கொண்டு வருகிறேன் என்று நேர்ந்தார். பிள்ளை பிறந்தது. நாளைக்கு நாளைக்கு என்று சில வருடம் போக, லட்டு வாங்குவதற்கு முன்னால் அந்த ஆடி மாதம் வந்தது.

"இப்ப மகளுக்குக் கலியாணம் பேசுது. எந்தப் பேச்சும் சரிவருது இல்லை. வேற கடை லட்டு கொண்டுபோக மனசு இல்லை. கடை இல்லை. கடைக்காரர் எங்க போனது எண்டு கேட்க எனக்கு முகமும் இல்லை, அம்மா."

இரத்தினம்மா எழும்பி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அரைத்து வைத்த கடலைமாப் பை இருந்தது.

"வாங்கோ. நான் எப்பிடியும் இதைக் குடுக்க அவரிட்டைத்தான் போக இருந்தனான்."

மிட்டாய்க் கடைச் சுப்பையா எங்கும் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு குச்சு வீட்டின் பின்புறம், அதே தாச்சியில், கடைகளுக்கு மிக்சரும் லட்டும் போட்டுக்கொண்டிருந்தார். இரத்தினம்மாவின் கடலைமாவில்தான் போடுவார். இத்தனை வருடமும் ஒருவரும் கேட்காததால் இரத்தினம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜீப்பின் பின்னால் இரத்தினம்மாவும் மாப்பையும் ஏறினார்கள். பாரம் தூக்க ஆள் வேண்டும் என்று யோகனையும் வரச்சொன்ன சார்ஜன், அவனை முன்னால், தன் பக்கத்தில் இருத்தினார். கொள்ளுப்பிட்டியில் வாகனங்களை மறித்திருந்தார்கள். அதே ஆமிக்காரன் ஜீப்புக்குக் கிட்ட வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் கண் யோகனில் நின்றது. கை உயர்ந்தது.

பழக்க தோசத்தில் யோகன் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டான். சார்ஜன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்ன மல்லி," என்றார். இரு, தம்பி. "அவன் சலூட் அடிக்கிறான்."

பின்னால் இருந்த இரத்தினம்மா மகனின் பிடரியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் காலி வீதி வெறுமையாகத் திறந்து கிடந்தது. பிள்ளை இருப்பது முன் சீட்டில் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பிறகு, அம்மாளாச்சியோடு கதைக்கத் தொடங்கினார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, சார்ஜனின் மகளையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். இந்த முறை வாகனம் எதையும் குறிப்பிடவில்லை.